வலது பக்க முடிச்சு

அன்பு மகள் பெரியவளுக்கு,

நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, கால் வீக்கம் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு அம்மா எழுதுவது. வழக்கமாக இந்த இடத்தில் இங்கே எல்லோரும் நலம், ஒரு குறையும் இல்லை என்று எழுதுவேன், நீயும் அதைப் படிக்காமலே தாண்டிப் போவாய். இந்த மாதம் சின்னவள் நான் சொல்லாமலே அந்த வரியை எழுதத் தொடங்கினாள், வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். ஆமாம், எழுதுவது உன் தங்கைதான், கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். பயப்படாதே, கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தேடாதே, முதலில் கடைசிவரை படி. எனக்கு வலது தோளில் எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஐந்து வாரம் ஆகிறது. இத்தனை நாளும் போனில் கேமரா கெட்டுவிட்டது, முகம் தெரியாது என்று நான் சொன்னது பொய். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, கெட்டது தோள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சின்னவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், அவளுக்குப் பொய் சொல்ல வராததால் உன்னோடு பேசும்போதெல்லாம் பாடப் புத்தகத்தைப் பற்றியே பேசித் தப்பித்தாள், நீயும் என்னம்மா இவ இப்படிப் படிக்கிறா, கண்ணு கெட்டுடப் போகுது என்று கவலைப்பட்டாய். இப்போது நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் வலித்தது என்று சொன்னால் இவள் வலி என்னை வாட்டி வதைத்தது என்று எழுதுகிறாள். இது கட்டுரைப் போட்டி இல்லடி, அக்காவுக்கு லெட்டர், சொன்னத மட்டும் எழுது என்றேன். நீ பேசுற மாதிரியே எழுதினா வாக்கியம் எங்கயுமே முடியாதும்மா என்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தில் முடிந்திருக்கும் வாக்கியமெல்லாம் அவளுடையது, முடியாமல் ஓடுவதெல்லாம் என்னுடையது என்று வைத்துக்கொள்.

விழுந்தது நான் வேலை பார்க்கும் வார்டு நடையில், அப்போதுதான் துடைத்த ஈரத்தில். ஈரம், பாத்து வாங்க என்று இருபத்தொன்பது வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னவள் நான். துடைத்தது நம் வாளியக்காதான், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வார்டு வாசலில் காத்திருக்கும்போது உனக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பாளே, அவள். பாவம், என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டாள். உன் பெரியம்மா பார்க்க வந்தாள். வந்ததும் வராததுமாக, பல்லி ஊருக்கெல்லாம் பலன் சொல்லிட்டு தான் போய்க் கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம் என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தாள், பிறகு என் கட்டைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் இருந்தாள். அவளுக்கே முழங்கால் மடங்காது, அவளை நாங்கள் பார்த்துக்கொள்வதா, எங்களை அவள் பார்த்துக்கொள்வதா என்று ஆகிவிட்டது, வண்டி ஏற்றி அனுப்பிவிட்டேன். உன் கடைசி இரண்டு கடிதமும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. இரண்டிலும் நீ ஒன்றையேதான் கேட்டிருக்கிறாய். இன்னும் மூன்று வருஷத்துக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா, இல்லை இதோடு முடித்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டுமா, நீ சொல் அம்மா என்று. இரண்டு தடவையும் நான், உன் இஷ்டம், இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். இந்த மாதக் கடைசிக்குள் நீ அதற்குப் பதில் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உனக்குப் புரியாது.

எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் அழைப்பு மணி உண்டு என்று உனக்குத் தெரியும். ஒரு நீள ஒயரின் நுனியில் கத்தரிக்காய் அளவில் ஒரு சுவிட்ச், அழுத்தினால் எங்கள் மேசைக்கு மேலே விளக்கு எரிந்து மணி அடிக்கும். ஒரு காலத்தில் அந்த ஒயர்கள் ட்ரிப்ஸ் குழாயோடு சிக்கிக்கொண்டு, தரையில் விழுந்து, வாளியக்காவின் துடைப்பத்தில் மாட்டி, பெரிய தொல்லையாக இருந்தது. நான் வார்டுப் பொறுப்புக்கு வந்த வருஷம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒயர் வருகிற சுவர் ஓட்டை கட்டிலின் வலது பக்கம், அதனால் மணியை வலது பக்கக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சாகப் போட்டுவிட வேண்டும், விழாது, சிக்காது. இருபது கட்டிலுக்கும் நானே என் கையால் போட்டேன். புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே அதைத்தான் கற்றுக்கொடுப்பேன். அதற்கு சிஸ்டர் முடிச்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. உனக்கும் நீ நர்சிங் சேர்ந்தபோது நான் சொன்ன பாடம் இரண்டே இரண்டு. ஒன்று, நோயாளியோடு பேசும்போது நிற்காதே, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார், நின்றால் நீ கிளம்பப் போகிறாய் என்று அவர்களுக்குத் தெரியும், கேட்க வந்ததை விழுங்கிவிடுவார்கள். மற்றது, மணி அடித்தால் உடனே போக முடியாவிட்டாலும் இருந்த இடத்திலிருந்தே கேட்டுச்சும்மா, வர்றேன் என்று ஒரு குரல் கொடு. கேட்டுவிட்டது என்று தெரிந்தாலே பாதி வலி நின்றுவிடும். ஆனால் மணியே அடிக்காதவர்களைப் பற்றி நான் உனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவர்களை நல்ல நோயாளிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை என் வார்டிலேயே ஆறாம் நம்பர் கட்டிலில் போட்டார்கள். வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியாயிற்று. இடுப்பிலும் அடி, நாலு நாள் காலைத் தரையில் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் பிற்பகல், ஷிப்ட் மாறுகிற நேரம். அந்த அரைமணி நேரம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, போகிறவர்கள் மனத்தால் போய்விட்டிருப்பார்கள், வருகிறவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள், எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று கேஸ் ஷீட் கைமாற்றிக்கொண்டிருப்பார்கள், வார்டு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். எனக்கு அப்போது பெட்பேன் வேண்டியிருந்தது. மணியைத் தேடினேன். அது வலது பக்கக் கம்பியில், என் கட்டுப்போட்ட தோளுக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி, அழகாக இரட்டை முடிச்சில் இருந்தது. இடது கையை நெஞ்சுக்கு மேலாக நீட்டினேன், நடுவிரல் நுனி ஒயரைத் தொட்டது, சுவிட்ச் எட்டவில்லை. ஒயரை இழுத்தால் சுவிட்ச் வரும் என்று இழுத்தேன். வரவில்லை. வராதபடிதானே அந்த முடிச்சைக் கண்டுபிடித்தேன். நகத்தால் நெம்பிப் பார்த்தேன், என் முடிச்சு எனக்கே அவிழவில்லை. கத்திக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். பன்னிரண்டு அடி தூரத்தில் நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்கள் நிற்கிறார்கள், எதிர்க் கட்டிலில் ஒருவர் தன் மனைவியைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார், நான் அந்த வார்டின் சிஸ்டர், என் வாயால் பெட்பேன் என்று எப்படிக் கத்துவேன். இதோ யாராவது திரும்புவார்கள், இதோ திரும்புவார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தி திரும்பிக்கூடப் பார்த்தாள், நான் சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சின்னவள் இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அவளுக்கும் இதை நான் இப்போதுதான் சொல்கிறேன். எழுது என்று சொல்லிவிட்டேன். படுக்கை நனைந்துவிட்டது.

சூடாக இருந்தது, பிறகு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆயிரம் விரிப்பு மாற்றியிருப்பேன், மாற்றும்போது ஒரு நாளும் அது எத்தனை நேரமாக நனைந்து கிடந்தது என்று நினைத்துப் பார்த்ததில்லை. கால் மணி கழித்துப் புதிய பெண் ஒருத்தி ஷீட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக வந்தாள். என் கால்மாட்டில் நின்று, எப்படி சிஸ்டர் இருக்கீங்க, பரவாயில்லையா என்றாள். நின்றுகொண்டேதான் கேட்டாள். நான் பரவாயில்லம்மா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சிஸ்டர் மாதிரி எல்லாரும் சமத்தா இருந்தா நமக்கு வேலையே இல்ல என்று பக்கத்தில் இருந்தவளிடம் சிரித்துக்கொண்டே எழுதினாள். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாதா. நோயாளி அமைதியாக இருக்கிறார், குறை எதுவும் சொல்லவில்லை. அவள் மேல் தப்பில்லை, அந்த வரியை அப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

வாளியக்காதான் கண்டுபிடித்தாள். கட்டிலுக்கு அடியில் துடைக்கக் குனிந்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் திரையை இழுத்து மூடினாள். காய்ந்த விரிப்பும் வெந்நீரும் கொண்டுவந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் வெட்கப்படுகிறேன் என்று தெரிந்து, அவள் தன் மருமகளைத் திட்டுவதுபோல் ஏதோ பேசிக்கொண்டே வேலையை முடித்தாள், என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மருமகளுக்கு அன்று என் புண்ணியத்தில் நிறையத் திட்டு விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு, இவளுக்கு எப்படி இவ்வளவு கைப்பழக்கம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எத்தன நாளா இந்த வேலையெல்லாம் பாக்கிற அக்கா, இது உன் வேலை இல்லையே என்று கேட்டேன். அவள் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு சொன்னாள், அந்தத் தையல்காரம்மா படுத்திருந்துச்சே சிஸ்டர், இதே கட்டிலு, அதுலருந்துதான் என்று.

தையல்காரம்மாவை நினைவிருக்கிறதா உனக்கு. நீ பள்ளி இறுதியில் படித்த வருஷம், வலது மார்பில் அறுவை செய்து ஒன்பது நாள் எங்கள் வார்டில் இருந்தார். வலது கையைத் தூக்கவே முடியாது, கட்டிலை விட்டுத் தானாக எழுந்திருக்கவும் முடியாது. ஒன்பது நாளும் ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. நான் தினமும் அமைதியாக இருக்கிறார், குறை இல்லை என்று எழுதினேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது உன்னிடமும் அப்பாவிடமும், இந்த மாதிரி ஒரு நோயாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பெருமையாகச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குப் போகிற அன்று இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு நான் ஒரு தொந்தரவும் குடுக்கலியே சிஸ்டர் என்று கேட்டார். இல்லவே இல்லம்மா என்று நான் சிரித்தேன். அடுத்த வருஷம் நீ ஹாஸ்டலுக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டு ஒரு பச்சைத் துணிப்பை தைத்துக் கொடுத்தார், உள்ளே ரகசியப் பை வைத்து. அது இன்னும் உன்னிடம் இருக்கிறது, போன வருஷம் நீ அனுப்பிய படத்தில் உன் கட்டில் ஓரத்தில் தொங்குவதைப் பார்த்தேன். அந்த அம்மாவின் விரிப்பை ஒன்பது நாளும் நான் போன பிறகு வாளியக்காதான் மாற்றியிருக்கிறாள். முதுகில் புண்ணே வந்துவிட்டதாம். ஏன் அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல என்று கேட்டேன். நான் சொல்றேன்னுதான் சொன்னேன் சிஸ்டர், அதுதான் வேணாம்னுச்சு, சிஸ்டர் நல்லவங்க, கையால கட்டி விட்டுட்டுப் போயிருக்காங்க, எட்டலன்னு சொன்னா அவங்களுக்கு மனசு கஷ்டப்படும்னுச்சு என்றாள். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் அந்த முடிச்சைப் போட்டிருக்கிறேன். வலது கை விளங்காதவர்கள், வலது கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் அந்தக் கட்டில்களில் எனக்கு மனக் கஷ்டம் வரக்கூடாது என்று சிரித்துக்கொண்டு படுத்திருந்தார்களோ. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எனக்கு அது தெரிய இருபத்தொன்பது வருஷமும் ஒரு தோள்பட்டையும் ஆயிற்று.

டிஸ்சார்ஜ் ஆன அடுத்த வாரம் சின்னவளைக் கூட்டிக்கொண்டு தையல்காரம்மாவின் தெருவுக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் போன் ரிப்பேர் கடை இருக்கிறது. அங்கிருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை, எதிர் வீட்டு அம்மாள் மட்டும், தைக்கிறவங்களா, அவங்க காலி பண்ணிப் பல வருஷம் ஆச்சே, மகன் வீட்டுக்குப் போயிட்டாங்களோ இல்ல இருக்காங்களோ இல்லியோ என்றாள். சின்னவள் அந்த இல்லியோவைக் கேட்டு என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட ஓர் ஆள் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வருகிற வழியில் வார்டுக்குப் போய் அந்தப் புதிய பெண்ணைக் கூப்பிட்டு, முக்காலியில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன், படுக்கை நனைந்ததையும் சேர்த்து. அவள் முகம் சிவந்து அழப்போனாள். அழாத, கத்தரிக்கோல எடு என்றேன். இருபது முடிச்சையும் வெட்டினாள். இப்போது கட்டிலுக்கு ஆள் வந்ததும் பெயருக்கு முன்னால் எந்தக் கைக்கு எட்டும் என்று கேட்கிறார்கள், கையில் கொடுத்து ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒயர் மறுபடி தரையில் விழுகிறதாம், துடைப்பத்தில் மாட்டுகிறதாம். மாட்டட்டும் சிஸ்டர், எடுத்து வைக்க எனக்குக் கை இல்லையா என்கிறாள் வாளியக்கா.

இப்போது உன் விஷயம். மூன்று மாதத்துக்கு முன்னால் நீ எழுதியிருந்தாய், உங்கள் மருத்துவமனையில் எந்தக் கட்டிலிலிருந்து எத்தனை தடவை மணி அடித்தது என்று திரையில் காட்டுவார்கள், நீ பார்த்துக்கொள்கிற கட்டில்களில்தான் குறைவு, அதற்காக எல்லோர் முன்னாலும் உன்னைப் பாராட்டினார்கள் என்று. அந்தக் கடிதத்தை நான் வார்டு முழுவதும் படித்துக் காட்டினேன், தாயைப் போல பிள்ளை என்று சொல்லிக் கைதட்டினார்கள். இப்போது அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணே, நீ போய்ப் போய்ப் பார்ப்பதால் மணி அடிக்கத் தேவையில்லாமலும் இருக்கலாம். ஆனாலும் நாளைக்கு வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய். ஒவ்வொரு கட்டிலிலும் மணி எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார். பார்த்தால் மட்டும் போதாது, யாரும் இல்லாத கட்டில் ஒன்றில் ஏறிப் படு, ஒரு கையை முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் எட்டிப் பார். பைத்தியம் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்புறம், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரில் சொல்லுவதை உன் கட்டில்களில் நடக்கவிடாதே, வேலைக்குள் நுழைந்ததும் சத்தமே போடாத கட்டிலுக்கு முதலில் போ. பரவாயில்லை என்று சொன்னால் நம்பாதே. முக்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேள். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு, பதிலும் மரியாதைக்குத்தான் வரும். இரண்டாம் தடவை கேட்டால்தான் உண்மை வரும். அந்த அம்மாவிடம் நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. இதற்கு மேல் நர்ஸ் வேலையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். சின்னவள் ஏழரைக்குக் கிளம்பினால் நாலரைக்கு வருகிறாள். போவதற்கு முன் எனக்குத் தலைவாரி, ரவிக்கைக் கொக்கி மாட்டி, தட்டில் சாப்பாட்டை வைத்து இடது பக்கமாக நகர்த்திவிட்டுப் போகிறாள். சமையலில் உப்பு ஒருநாள் கடல், ஒருநாள் மழைத்தண்ணீர், கேட்டால் புத்தகத்தில் தேவையான அளவு என்றுதான் போட்டிருக்கிறது, தேவை யாருடைய தேவை என்று போடவில்லை என்று என்னையே மடக்குகிறாள். அவள் போன பிறகு வீட்டில் கடிகாரமும் நானும்தான். படிக்கட்டில் காலடி கேட்டால் யாருடையது என்று எண்ணிப் பார்ப்பேன், இரண்டாம் மாடி வரை வந்தால் நமக்கு, நின்றுவிட்டால் கீழ்வீட்டுக்கு. அநேகமாக எல்லாம் கீழ்வீட்டிலேயே நின்றுவிடுகின்றன. முதலில் கொஞ்ச நாள் பார்க்க வந்தவர்கள் இப்போது வருவதில்லை, அவரவர்க்கு ஆயிரம் வேலை. வார்டில் இருபது பேர் நடுவில் இருந்து பழகியவளுக்கு நாலு சுவர் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது. நடுப்பகலில் சில நாள், ஈரம், பாத்து வாங்க என்று யாரும் இல்லாத கூடத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. டாக்டர் கை தோளுக்கு மேல் இனி ஏறாது என்கிறார். ஆளைத் தூக்கிப் புரட்டுகிற வேலை இனி வேண்டாம், உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதுகிற வேலை தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன் அப்பா இருந்திருந்தால் நல்லதாப் போச்சு, இனிமே ஞாயிற்றுக்கிழமையாவது வீட்ல இருப்ப என்று கேலி செய்திருப்பார். கேலி செய்ய ஆள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துவிட்டது.

கையெழுத்து விஷயத்தில், நன்றாக யோசித்து உன் மனதுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சின்னவள் பெரிய மனுஷி போல எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும், அதற்குப் பிறகும் உனக்கு ஒரு வாரம் இருக்கும். காலுக்கு இறுக்கமில்லாத செருப்பு போடு, வேலை முடிந்ததும் பத்து நிமிஷம் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படு, குளிர் நாளில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. பச்சைப் பையைத் துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதே, தையல் விட்டுவிடும். உன் கை பட்ட இடத்திலெல்லாம் வலி குறையட்டும், நீ யார் கட்டிலருகே உட்கார்ந்தாலும் அவர்கள் உண்மையைச் சொல்லட்டும், உன்னை உட்காரச் சொல்லி டீ கொடுக்கவும் அங்கே ஒருவர் இருக்கட்டும். மணியைப் பார்க்க மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா
(சொன்னது அம்மா, எழுதியது சின்னவள். அக்கா, உப்பைப் பற்றி அம்மா சொன்னதைப் பாதிதான் நம்பு.)

இது என் இடது கை. எழுத்து கோணலாக இருக்கும். சின்னவளைத் தபால்தலை வாங்க அனுப்பிவிட்டேன். அவள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதனால் அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியவில்லை, தான் போதவில்லை என்று நினைத்துவிடுவாள். மேலே யோசித்துச் செய், கவலைப்படாதே என்று எழுதச் சொன்னேனே, அது பழைய வாய், பரவாயில்லை என்று தானாகச் சொல்லுகிற வாய். நீ இரண்டு தடவை கேட்டாய். இரண்டாம் தடவையும் நான் பொய் சொன்னேன். எனக்குத் தனியாக இருக்கிறது. எனக்கு நீ வேண்டும். கையெழுத்துப் போடாமல் வா.

வர முடியாவிட்டாலும் கோபமில்லை. கேட்டுச்சும்மா என்று இருந்த இடத்திலிருந்தே ஒரு குரல் மட்டும் கொடு.

அம்மா